இருவர் மட்டும், ஐரோப்பாவில் காரில்: ஏற்பாடு செய்த கதை

(சங்கத்தின் மூத்த அங்கத்தினர்களுக்காக மாட்டுங்காவில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



காரியதரிசி ஒரு நிபந்தனை போட்டுத்தான் என்னைப் பேசக் கூப்பிட்டார். "ஐரோப்பாவில் என்னென்ன பார்த்தீர்கள் என்று சொல்ல வேண்டாம், அதைச் சொல்ல இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். டிரைவர் இல்லாமல், டூர் கம்பெனி இல்லாமல், இந்த வயசில் இரண்டு பேர் மட்டும் காரில் போக என்ன ஏற்பாடு செய்தீர்கள், அதைச் சொல்லுங்கள்" என்றார். சர்க்கார் உத்தியோகத்தில் முப்பத்தைந்து வருஷம் ஃபைல் பார்த்தவனுக்கு இதைவிட இஷ்டமான விஷயம் கிடையாது. போய் வந்தது 21 ராத்திரி. ஏற்பாடு செய்தது எட்டு மாதம். பேச்சும் அந்த விகிதத்தில்தான் இருக்கும்.

நாங்கள் போனது 2024 மே மாதம். அப்போது எனக்கு வயது 74, என் மனைவிக்கு 69. எனக்கு ரத்த அழுத்தம் உண்டு. இரண்டு கண்ணிலும் 2022-ல் காடராக்ட் ஆபரேஷன் ஆனது. அவளுக்குச் சர்க்கரை, தினம் இரண்டு வேளை இன்சுலின், அத்துடன் முழங்கால் வலி. அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

குரூப் டூரில் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். 2013-ல் போனோம். சாப்பாடு பிரமாதம், காலையில் இட்லிகூடப் போட்டார்கள். ஆனால் தினம் ஐந்து மணிக்கு எழுந்து பெட்டியை வாசலில் வைக்க வேண்டும். பஸ் இரண்டு மணிக்கு ஒரு தரம்தான் நிற்கும். எழுபது தாண்டிய ஆண்களுக்கு அது எப்பேர்ப்பட்ட சோதனை என்று இந்தச் சபையில் நான் விளக்க வேண்டியதில்லை. இனி போனால் நம் இஷ்டத்துக்கு நிறுத்தும் வண்டியில்தான் போவது என்று அப்போதே தீர்மானம்.

2023 செப்டம்பரில் ஒரு ஃபைல் திறந்தேன். உலக வரைபடம், ஸ்கேல், கலர் பென்சில் எல்லாம் வந்தன. பத்து நாளில் ஒரு திட்டம் தயாராயிற்று. பாரிஸில் ஆரம்பித்து ஆம்ஸ்டர்டாம், கொலோன், ப்ராக், வியன்னா, வெனிஸ், ரோம், மறுபடி ஆல்ப்ஸ் வழியாகத் திரும்புவது. 21 நாளில் 17 ஊர், சுமார் 4,800 கிலோமீட்டர். எந்த ஊரில் எந்த மணிக்கு என்று டேபிள் போட்டிருந்தேன். 1923 அக்டோபரில் இதே பம்பாயிலிருந்து ஆறு பார்ஸி இளைஞர்கள் சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பி, அவர்களில் மூன்று பேர் 1928-ல் சுற்றி முடித்துத் திரும்பினார்களே, அவர்களே இவ்வளவு துல்லியமாகத் திட்டம் போட்டிருக்க மாட்டார்கள் என்று எனக்கு ஒரு கர்வம். அவர்களுக்கு வயது இருபதுகளில் என்பது அப்போது தோன்றவில்லை.

என் மனைவி டேபிளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏன்னா, மலைப்பாதையில போயிண்டிருக்கோம். உங்களுக்கு மயக்கம் வந்துடறது. நான் என்ன பண்ணணும்?"

"அதெல்லாம் பகவான் பாத்துப்பார்" என்றேன்.

"பகவான் பாத்துக்கறது இருக்கட்டும். உங்க ஃபைல்ல அதுக்கு ஒரு பக்கம் இருக்கா?"

இல்லை. பார்க்கிங் கட்டணத்துக்குப் பக்கம் இருந்தது, பிக்காஸோவுக்குப் பக்கம் இருந்தது, அதற்கு இல்லை. அன்றைக்கு அந்த ஃபைலை மூடி வைத்துவிட்டுப் புதிதாக ஒன்று திறந்தேன். அதன் முதல் பக்கத்தில் அவள் கேள்வியை எழுதினேன்.

புதுத் திட்டம் கண்ணிலிருந்து ஆரம்பித்தது. காடராக்ட் ஆபரேஷனுக்குப் பிறகு பகலில் பார்வை இளைஞன் மாதிரி இருக்கிறது. ராத்திரியில் எதிர் வண்டி லைட் மட்டும் சூரியகாந்திப்பூ மாதிரி விரிகிறது. ஆகவே இருட்டில் ஓட்டுவதில்லை என்பது முதல் விதி. இதற்கு மே மாதம் சௌகரியம். சூரிச் 47 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. மே மாதக் கடைசியில் அங்கே சூரியன் மறைய ராத்திரி ஒன்பது மணி ஆகும். என் தகப்பனாருடைய ஸ்ராத்தம் ஆனியில் வருகிறது, அதற்குள் திரும்பியாக வேண்டும். இப்படித்தான் தேதி முடிவாயிற்று.

அடுத்தது வேகம். மணிக்கு 120 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 33 மீட்டர். என் வயதில் ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி என்று வைத்துக்கொண்டால், பிரேக்கைத் தொடுவதற்கு முன்னாலேயே 50 மீட்டர் போயிருப்போம். அப்புறம் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் தூரம் நாலு மடங்கு. பி.எஸ்ஸி.யில் படித்தது ஐம்பது வருஷம் கழித்து உபயோகப்பட்டது. ஹைவேயில் ஆஸ்திரியாவிலும் இத்தாலியிலும் 130, ஸ்விட்சர்லாந்தில் 120 வரை அனுமதி உண்டு. நாங்கள் வலது ஓரப் பாதையில் 100 என்று வைத்துக்கொண்டோம். லாரிகளுக்கு அங்கே 80 தான், அதனால் பின்னால் யாரும் ஹார்ன் அடிக்கவில்லை. ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் இல்லை, காலை ஒன்பதரைக்குக் கிளம்பி மூன்று மணிக்குள் போய்ச் சேர வேண்டும், ஓட்டுகிற நாளுக்கு மறுநாள் ஓட்டுவதில்லை என்று மேலும் மூன்று விதிகள்.

இந்த விதிகளைப் போட்டுப் பார்த்ததும் 17 ஊர் தானாகவே உதிர ஆரம்பித்தது. பாரிஸ் போயிற்று. ரோம் போனபோது எனக்கு வருத்தம்தான். கடைசியில் நின்றவை ஏழு. சூரிச் 2 ராத்திரி, ஆஸ்திரியாவில் ப்ரெகென்ஸ் 2, இன்ஸ்ப்ரூக் 4, இத்தாலியில் போல்சானோ 4, கார்டா ஏரிக்கரை 3, மறுபடி ஸ்விட்சர்லாந்தில் பெலின்சோனா 2, லூசெர்ன் 4. சூரிச்சில் கிளம்பி சூரிச்சுக்கே திரும்பும் வட்டம். எடுத்த இடத்திலேயே காரைத் திருப்பிக் கொடுத்தால், வேறு ஊரில் விட்டதற்கான கட்டணம் கிடையாது. ஊருக்கு ஊர் போகும் தூரம் மொத்தம் ஆயிரம் கிலோமீட்டர் சுமார். கார்டாவிலிருந்து பெலின்சோனா போகும் ஒரு நாள் மட்டும் 200-ஐத் தாண்டியது; அதற்காக வழியில் கோமோவில் நீண்ட மத்தியான ஓய்வு. கோமோ, வோல்ட்டா பிறந்த ஊர். ரோமை விட்டுக்கொடுத்ததற்கு நான் வாங்கிக்கொண்ட ஈடு அது. இன்ஸ்ப்ரூக்கும் அப்படித்தான். காஸ்மிக் கதிர்களைக் கண்டுபிடித்த விக்டர் ஹெஸ் 1931-ல் ஆராய்ச்சி நிலையம் வைத்த ஹாஃபெலெகார் மலைக்கு அங்கிருந்து கேபிள் காரிலேயே போகலாம்.

விசா. ஷெங்கன் என்பது லக்ஸம்பர்க்கில் மொசெல் நதிக்கரையில் ஒரு சின்ன கிராமம். 1985 ஜூன் 14-ந் தேதி அங்கே ஒப்பந்தம் கையெழுத்தானதால் அந்தப் பெயர். இப்போது 29 நாடுகள். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. எங்கள் கணக்கு ஸ்விட்சர்லாந்து 8 ராத்திரி, இத்தாலி 7, ஆஸ்திரியா 6. ஒரே ஒரு ராத்திரி வித்தியாசத்தில் ஸ்விஸ் விசா. லூசெர்னில் ஒரு நாளைக் குறைத்து கார்டாவில் சேர்த்திருந்தால் ஃபைலே வேறு கவுண்டருக்குப் போயிருக்கும். இந்த மாதிரி விஷயத்தில் நமக்கு ஒரு ரசனை உண்டு, மன்னிக்க வேண்டும். பயணத் தேதிக்கு ஆறு மாதத்துக்கு முன்பே மனு போடலாம், கடைசி நேரம் என்பது 15 நாள். எங்களுக்குக் கட்டணம் 80 ஈரோ. 2024 ஜூன் 11 முதல் 90 ஆகிவிட்டது. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக விரல்ரேகையும் முகமும் கம்ப்யூட்டரில் பதியும் முறை 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக வந்தது. நமக்கு விரல்ரேகை தேய்ந்திருக்கும், நிதானமாக அழுத்துங்கள்.

விசாவுக்கு இன்ஷூரன்ஸ் கட்டாயம், குறைந்தது 30,000 ஈரோவுக்கு. நான் முதலில் தேர்ந்தெடுத்த பாலிசியில் முதல் பக்கம் 50,000 டாலர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. என் மனைவி பூதக்கண்ணாடி வைத்துப் பின்பக்கங்களைப் படித்தாள். ஒரு குறிப்பிட்ட வயசுக்கு மேல் ஆஸ்பத்திரி அறைக்கு நாளொன்றுக்கு இவ்வளவுதான், ஆபரேஷனுக்கு இவ்வளவுதான் என்று உள்வரம்புகள், ஏற்கெனவே உள்ள வியாதிகளுக்கு ஒன்றும் கிடையாது. அதை விட்டு, சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் எழுதிக்கொடுத்து, பிரீமியம் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு கட்டி வேறு வாங்கினோம். மறைத்து வாங்கிய பாலிசி, சமயத்தில் வெறும் காகிதம்.

அந்தப் பாலிசியில் இன்னொரு வரி உண்டு. பாலிசிதாரர் இறந்தால் உடலைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவரும் செலவு. விசா விதியே அதைக் கேட்கிறது. அதையும் அவள் வாய்விட்டுப் படித்தாள். சாப்பாட்டு மேஜையில் தட்டுகளைக்கூட எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. நம் முன்னோர் காசிக்குக் கிளம்பும்போது சொத்துப் பத்திரத்தை எழுதி வைத்துவிட்டு, ஊராரிடம் சொல்லிக்கொண்டு போவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். நாம் ஏர்போர்ட்டில் செல்ஃபி எடுத்துக்கொண்டு போகிறோம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் இதைப் பற்றிப் பேசியதே இல்லை.

அவள்தான் ஆரம்பித்தாள். "எனக்கு அங்க ஒண்ணு ஆயிடுத்துன்னா பெட்டியில வச்சு பத்து நாள் காக்க வச்சுக் கொண்டுவர வேண்டாம். அங்கேயே தகனம் பண்ணிடுங்கோ. அஸ்தி வந்தா போறும். மத்ததெல்லாம் வாத்தியார் இங்க பண்ணி வைப்பார்." நான் என் விஷயத்திலும் அப்படியே என்றேன். மறுநாள் எங்கள் குடும்ப வாத்தியாரிடம் போய்க் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். "தாராளமாப் பண்ணலாம். ஆனா பசங்களுக்கு முன்னாடியே தெரியணும், அதுதான் முக்கியம்" என்றார். இரண்டு பேரும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, பாலிசி நம்பர், பாஸ்போர்ட் நகல், பாங்க் விவரத்துடன் ஒரு கவரைப் பிள்ளையிடம் கொடுத்தோம். அவன் அதை வாங்கிக்கொண்டதோடு சரி, எங்கள் எதிரில் பிரிக்கவில்லை.

இனி காரும் லைசென்ஸும். செம்பூர்வாசியான எனக்கு வடாலா ஆர்.டி.ஓ. இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் என்பது நம் லைசென்ஸின் அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு மாதிரி. ஃபாரம் 4ஏ, டாக்டர் சர்டிபிகேட், பாஸ்போர்ட், விசா, டிக்கெட், 1,000 ரூபாய் கட்டணம். ஒரு வருஷம்தான் செல்லும். ஒரிஜினல் லைசென்ஸும் கூடவே இருக்க வேண்டும். இத்தாலியும் ஆஸ்திரியாவும் இரண்டையும் கேட்கும். நம்மில் பலர் கவனிக்காத ஒன்று: 55 வயசுக்கு மேல் புதுப்பித்த லைசென்ஸ் ஐந்து வருஷத்துக்குத்தான். என்னுடையது 2024 ஏப்ரலில் முடிவதாக இருந்தது! முதலில் அதைப் புதுப்பித்தேன்.

கார் வாடகைக்குக் கொடுக்கிறவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி வாடகை அல்ல, "எனக்கு வயது இத்தனை, கொடுப்பீர்களா?" என்பதுதான். சில நாடுகளில் சில கம்பெனிகள் 70 அல்லது 75-க்கு மேல் மறுக்கும், அல்லது அதிகம் கேட்கும். எந்தெந்த நாட்டுக்குள் கொண்டுபோகப் போகிறோம் என்று எழுத்தில் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். டிபாசிட்டுக்கு ஓட்டுகிறவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும், டெபிட் கார்டு பெரும்பாலும் ஆகாது. ஆட்டோமாடிக் கியருக்கு வாடகை அதிகம். அதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். அங்கே ஸ்டியரிங் இடது பக்கம். கியர் மாற்ற வலது கை, அத்துடன் எல்லாமே எதிர்ப்பக்கம் என்றால் எழுபது வயது மூளைக்கு ஒரே சமயத்தில் அது ஜாஸ்தி.

எதிர்ப்பக்கம் ஓட்டுவதை இங்கே பழக வழியில்லை. ஆனால் ஒரு தத்துவம் கண்டுபிடித்தேன். டிரைவர் அநேகமாக எந்த நாட்டிலும் ரோட்டின் நடுக்கோட்டுப் பக்கம்தான் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் இருப்பவர்தான் நடைபாதைப் பக்கம். ஆக, நடுக்கோடு என் தோள் பக்கம் இருந்தால் நான் சரி; நடைபாதை என் தோள் பக்கம் வந்தால் தப்பு. கண்ணாடி பிம்பம், அவ்வளவுதான். இடம், வலம் என்று சொன்னால் குழம்பும் என்பதால், "உன் பக்கம் திரும்பு, என் பக்கம் திரும்பு" என்றே பேசுவதாக ஒப்பந்தம். இங்கேயும் அங்கேயும் "உன் பக்கம்" என்றால் சுலபமான திருப்பம், "என் பக்கம்" என்றால் எதிர்வரும் வண்டிகளைக் குறுக்கே கடக்கும் திருப்பம். ரவுண்டானாவை மட்டும் மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். காலையில் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் காய்கறி வாங்க வரும்போதெல்லாம், அதைக் கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றுவதாக நினைத்துக்கொண்டு நிற்பேன். ஒரு நாள் ஒருவர் வழி தெரியவில்லையா என்று கேட்டார்.

இத்தனை ஒத்திகைக்குப் பிறகும் முதல் இரண்டு நாள் இன்டிகேட்டர் போட நினைத்தபோதெல்லாம் வைப்பர்தான் ஓடியது. அந்தக் கார்களில் அந்தப் பிடிகள் இடம் மாறி இருக்கின்றன.

ஒத்திகை என்றதும் நாசிக் ஞாபகம் வருகிறது. ஜனவரியில் செம்பூரிலிருந்து நாசிக் போய் இரண்டு ராத்திரி தங்கி வந்தோம். 160 கிலோமீட்டர் சுமார். அவள் போனில் மேப் பார்த்து வழி சொல்ல, நான் அவள் சொல்வதை மட்டும் கேட்க வேண்டும் என்று ஏற்பாடு. போகும்போது இரண்டு சண்டை, வரும்போது அரை. மே மாதத்துக்குள் அவள் தேறிவிட்டாள்.

அவளுடைய கேள்விக்கான பக்கம் இப்படி எழுதப்பட்டது. எங்கள் கட்டிடக் காம்பவுண்டில், பிள்ளையின் நண்பருடைய ஆட்டோமாடிக் காரில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவளுக்கு நாலே காரியம் பழக்கினோம். சிவப்பு முக்கோண பட்டனை அழுத்துவது. பக்கத்து ஸீட்டிலிருந்து ஒரு கையால் ஸ்டியரிங்கை நேராகப் பிடிப்பது. பார்க்கிங் பிரேக் ஸ்விட்சை இழுத்துப் பிடிப்பது. எலெக்ட்ரானிக் பிரேக் உள்ள அநேக கார்களில் தொடர்ந்து இழுத்தால் ஓடும் வண்டியும் நின்றுவிடும். நின்ற பிறகு மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு தடுப்புக்கு வெளியே போய் நின்று 112-க்குப் போன் செய்வது. ஐரோப்பா முழுக்க அந்த ஒரு நம்பர் போதும். எந்த ரோடு, எந்தக் கிலோமீட்டர் பலகை என்று சொல்ல வேண்டும் என்பதால், ஹைவேயில் பலகைகளை அவ்வப்போது சத்தமாகப் படித்துக்கொண்டே வருவாள். ஜபம் மாதிரி இருக்கும். சூரிச்சில் கார் வாங்கியபோது கவுண்டரில் அவள் கேட்ட முதல் கேள்வி, அந்தப் பிரேக் ஸ்விட்ச் எங்கே என்பதுதான்.

பெட்டி விஷயம் சுவாரஸ்யமானது. சின்ன காரில் நம் பெரிய பெட்டி இரண்டு டிக்கியில் போகாது. பின் ஸீட்டில் வைத்தால் திருட்டுக்கு அழைப்பு. வாடகைக் காரின் அளவை இன்டர்நெட்டில் பார்த்து, அட்டையில் அதே அளவு வெட்டிக்கொண்டு தாராவி போனேன். 90 அடி ரோட்டுக்குள் பை தைக்கும் ஒரு திருநெல்வேலிக்காரர், என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், டிக்கியின் வாய் எவ்வளவு? உள்ளே இடம் இருந்தும் வாய் சின்னதாயிருந்தால் நுழையாதே" என்றார். நான் பிஸிக்ஸ் படித்தவன். அவர் கேட்ட கேள்வி எனக்குத் தோன்றவில்லை. நாலு நாளில் இரண்டு மெத்தென்ற பைகள், சக்கரத்தோடு. டிக்கியில் வாங்கி வைத்த மாதிரி உட்கார்ந்தன.

சாப்பாட்டைப் பெண்கள் பகுதியில் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று அறிகிறேன். சமையலறை உள்ள வீடுகளாகவே எடுத்தோம்; ஹோட்டல் அறையில் குக்கர் வைத்தால் புகை அலாரம் கத்தும். மின்சாரம் அங்கேயும் 230 வோல்ட் 50 சைக்கிள்தான், நம் சின்ன ரைஸ் குக்கர் ஓடும். ஆனால் நம் பிளக் நுழையாது. ஸ்விட்சர்லாந்துக்கு ஒரு மாதிரி, இத்தாலிக்கு ஒரு மாதிரி அடாப்டர் வேண்டும். ஐரோப்பிய யூனியனுக்குள் வெளிநாட்டிலிருந்து பால் பொருள் எதையும் கொண்டுபோகக் கூடாது. நெய்யும் அதில் அடக்கம். கறிவேப்பிலை போன்ற பச்சை இலைகளுக்கும் சர்டிபிகேட் இல்லாமல் அனுமதி இல்லை. ஆனால் தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் தடை இல்லை. பிள்ளையார் எங்கேயும் பிழைத்துக்கொள்வார். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, மாட்டுங்காவில் அரைத்த காபிப்பொடி கொண்டுபோனோம். தயிர் எல்லா ஊரிலும் கிடைக்கிறது. இத்தாலியில் ரிஸோட்டோ செய்யும் குண்டரிசியைக் குழைய வைத்தால் தயிர்சாதத்துக்கு அதைப்போல் அரிசி இல்லை என்பது என் மனைவியின் தீர்ப்பு. இன்சுலினைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்குப் பகுதியில் உறைந்துவிடக்கூடும். மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரையும் டாக்டரை எழுதச் சொல்லுங்கள்.

பெட்ரோல் பங்கில் நாமேதான் ஊற்றிக்கொள்ள வேண்டும். இத்தாலியில் 'கஸோலியோ' என்றால் டீசல். கேஸோலின் என்று நினைத்து ஊற்றிவிடாதீர்கள். வட்டத்துக்குள் ஈ5, ஈ10 என்று இருந்தால் பெட்ரோல், சதுரத்துக்குள் பி7 என்றால் டீசல். ஹைவே வரி ஸ்விட்சர்லாந்தில் வருஷத்துக்கு 40 பிராங்க், அங்கே எடுக்கும் வாடகைக் காரில் அது கட்டியிருக்கும். ஆஸ்திரியாவுக்குத் தனியாக வாங்க வேண்டும். அது இருந்தாலும் ஆர்ல்பெர்க் குகைப்பாதைக்கும் ப்ரென்னர் ரோட்டுக்கும் வேறே கட்டணம். ப்ரென்னரை ஞாயிற்றுக்கிழமை கடப்பதாக வைத்திருந்தேன், அன்று லாரிகளுக்குத் தடை. அந்த ஞாயிறு பெந்தகோஸ்தே பண்டிகை என்பதை என் ஃபைல் கவனிக்கவில்லை. லாரி இல்லை, ஊரிலுள்ள கார் எல்லாம் இருந்தது. 17 கிலோமீட்டர் கோட்ஹார்ட் குகைப்பாதையைச் செவ்வாய்க்கிழமை கடந்தோம், அது சரியாக அமைந்தது.

இனி, ஏற்பாடு பரீட்சைக்கு வந்த இடம். போல்சானோவில் மூன்றாவது காலை. படுக்கையில் திரும்பினேன், அறை முழுக்கச் சுழன்றது. எழுந்தால் விழுந்துவிடுவேன் போலிருந்தது, வாந்தி வேறு. பக்கவாதம் என்றே நினைத்தேன். அவள் என்னைச் சிரிக்கச் சொன்னாள், இரண்டு கையையும் தூக்கச் சொன்னாள், என் பெயரையும் கோத்திரத்தையும் சொல்லச் சொன்னாள். பிறகு ஃபைலை எடுத்து, இன்ஷூரன்ஸ்காரர்களின் நம்பருக்கு அவளே போன் செய்து, பாலிசி நம்பர் படித்து, டாக்டரை வரவழைத்தாள். அவர் என் தலையை ஒரு பக்கம் திருப்பி, படுக்கவைத்து, மறுபக்கம் திருப்பி ஏதோ செய்தார். உள்காதில் சமநிலைக்கு உதவும் கால்சியம் கார்பனேட் துகள்கள் இடம் மாறினால் இப்படி ஆகுமாம். சுண்ணாம்புத் துகள் ஒன்று என்னைக் கவிழ்த்துவிட்டது! இரண்டு நாள் கார் ஓட்டக் கூடாது என்றார்.

முதல் திட்டப்படி போயிருந்தால் அன்றைக்கு நாங்கள் எங்கோ ஒரு ஹைவேயில் 400 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும். இந்தத் திட்டத்தில் அன்று எப்படியும் ஓட்டாத நாள். அவள் வீட்டுக்காரியிடம் பேசி ஒரு ராத்திரி நீட்டித்தாள், கார்டாவில் ஒன்றைக் குறைத்தாள். நஷ்டம் ஒரு நாள் வாடகை. மத்தியானம் நான் படுத்திருக்க, அவள் மட்டும் தனியாகக் கிளம்பி, 5,300 வருஷத்துப் பனிமனிதன் 'ஓட்ஸி'யை அந்த ஊர் மியூசியத்தில் பார்த்துவிட்டு வந்தாள். அவனைப் பார்க்கத்தான் நான் போல்சானோவைத் தேர்ந்தெடுத்தேன்! நான் இன்றுவரை பார்க்கவில்லை.

திரும்பி வந்து ஐந்து மாதம் கழித்து ஒரு தபால் வந்தது. இத்தாலியில் ஒரு ஊர், பெயர் வேண்டாம். பழைய ஊர்ப்பகுதிக்குள் வெளியார் வண்டி நுழையக் கூடாது, கேமரா படம் பிடிக்கும். ஃபைலில் சிவப்பு மையில் எழுதியிருந்தேன். அன்றைக்கு அவள் "அங்க சிவப்பு வட்டம் போட்டிருக்கு, நில்லுங்கோ" என்றாள். நான் "அது லாரிக்கு" என்றேன். நாற்பது மீட்டர் போய்த் திரும்பினோம். அபராதத்தோடு, என் விலாசத்தைக் கொடுத்ததற்காகக் கார் கம்பெனியின் கட்டணமும் சேர்ந்தது. ரசீதை ஃபைலில் கோத்து வைத்திருக்கிறாள், கடைசிப் பக்கமாக.

அந்த ஃபைலின் நகல் ஒன்றைக் காரியதரிசியிடம் கொடுத்திருக்கிறேன். கட்டணங்கள் மாறியிருக்கும், சரிபார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் சொந்த விஷயமான ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டேன். அதை அவரவரே எழுதிக்கொள்ள வேண்டும். தாராவிப் பைகள் இரண்டும் செம்பூரில் எங்கள் பரணில் இருக்கின்றன. யாருக்காவது வேண்டுமானால் தருகிறோம். டிக்கியின் வாயை அளந்து பார்த்துவிட்டு வாருங்கள்.